மூன்று பச்சைப் பொட்டுகள்

வாசலில் ஆளுக்கு மூன்று பொட்டு தந்தார்கள்.
பச்சை நிறம், முதுகில் பசை,
நெற்றிக்கு வைக்கிற அளவு.
எது வேண்டுமோ அந்தப் படத்தில் ஒட்டலாம்.

டூங்காபி நூலகத்தின் பின்னறை.
மாநகரசபையின் பிரான்வின்
சுவரில் வரைபடம் ஒன்றை விரிக்கிறாள்.
எங்கள் தெருக்கள்.
மரங்கள் பச்சையில்.
போன மூன்று கோடைகளில்
ஆம்புலன்ஸ் வந்து நின்ற இடங்கள் சிவப்பில்.
பச்சை அடர்ந்த பக்கம் சிவப்பில்லை.
அவள் அதைச் சொல்லவில்லை,
நாங்களே பார்க்கட்டும் என்று
தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

பஸ் தரிப்பிடத்தருகே ஒற்றைச் சிவப்பு.
அதை எனக்குத் தெரியும்.
அது தவமலர்.
முதியோர் இல்லத்துச் சலவையறையில்
என்னோடு துணி மடிப்பவள்.
தை மாதம், நாற்பத்துநான்கு பாகை,
இருபது நிமிடம் பிந்திய பஸ்.
நின்றபடியே சரிந்தாள்.
உட்கார்ந்திருந்தால் சரிந்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.
உட்கார அங்கே ஒன்றுமில்லை.

முன்பு இருந்தது.
பூங்கா வேலியோரம் ஒரு மரவாங்கு.
கிருமி வந்த வருடம்
அருகருகே அமரக்கூடாதென்று கழற்றினார்கள்.
ஊஞ்சலை மஞ்சள் நாடாவால் கட்டினார்கள்,
தண்ணீர்க் குழாய்க்கு முக்காடு போட்டார்கள்.
நாடாவை அவிழ்த்தது யாரென்று தெரியாது.
குழாய் இன்னும் முக்காட்டோடுதான்.
வாங்கு இருந்த இடத்தில்
துருவேறிய நான்கு ஆணிகள்.

பதினாறு வருடமாய் இந்தப் பூங்காவைப் பார்க்கிறேன்.
இது ஊரின் நோய்ச்சீட்டு.
கொசுக்காய்ச்சல் என்று குட்டையைத் தூர்த்தார்கள்.
சர்க்கரை வியாதி என்று
உடற்பயிற்சி இரும்புகள் நட்டார்கள்,
மைனாக்கள் அதில் ஏறி இறங்குகின்றன.
பிள்ளைகள் மண்டை உடையக் கூடாதென்று
கறுப்பு ரப்பர்த் தரை போட்டார்கள்,
மத்தியானத்தில் அது தோசைக்கல்.
ஒரு பயம் போகும்போது
தன் தளபாடத்தை விட்டுவிட்டுப் போகிறது.
அடுத்த பயம் அதன்மேல் வந்து குந்துகிறது.

மூலை வீட்டு கிரேக் எழுந்தார்:
வாங்கு போட்டால் இரவில் ஆட்கள் படுப்பார்கள்.
நடுவில் இரண்டு கைப்பிடி வைத்தால் படுக்க முடியாது
என்றாள் பிரான்வின், மெதுவாக,
தனக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்கிறவளாய்.
மரம் நட்டால் நிழல் எப்போது வரும்? நான் கேட்டேன்.
பன்னிரண்டு வருடம்.
யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பிறகு ரபாப், இரண்டு பிள்ளைக்காரி, லெபனான் பெண்:
கழிப்பறையை நாலு மணிக்குப் பூட்டுகிறீர்கள்.
இங்கே வருவதென்றால் காலையிலிருந்து
என் மகளுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டேன்.
இந்த வெயிலில்.
அறை ஒருகணம் தரையைப் பார்த்தது.
ஒட்டுவதற்கு இருந்த ஏழு படங்களில்
கழிப்பறை இல்லை.

மரத்துக்கு ஒன்று ஒட்டினேன்.
வாங்குக்கு ஒன்று.
மூன்றாவது விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு வரவில்லை.
ரபாப் தாளின் வெள்ளை ஓரத்தில்
பேனாவால் ஒரு சதுரம் கீறினாள்,
பெயர் எழுதவில்லை.
அதற்குள் ஒட்டினேன்.
திரும்பிப் பார்த்தபோது
சதுரம் பச்சையாகி
வெளியே வழிந்துகொண்டிருந்தது.
கிரேக்கின் பொட்டும் ஒன்று அதில்.
அவருக்கு எழுபத்தாறு வயது.

பதினான்கு மாதம்.
வாங்கு வந்துவிட்டது, இரண்டு கைப்பிடியோடு.
கழிப்பறை பற்றிக் கடிதம் வந்தது:
பரிசீலனையில் உள்ளது.
மரமும் வந்தது,
மூன்று தடிகளுக்கு நடுவே, கட்டுப்போட்ட கால் மாதிரி.

நேற்று வேலை முடிந்து வந்தோம்.
தவமலர் வாங்கின் ஒரு நுனியில் அமர்ந்தாள்.
மறுநுனியில் கன்றின் நிழல்,
ஒரு சுளகு அகலம்.
அங்கே போய் இரு என்றேன்.
மாட்டாளாம்.
அந்த நிழலில் கைப்பையை வைத்திருக்கிறாள்.
உள்ளே பால் இருக்கிறதாம்.
திரைந்துவிடுமாம்.